பணியிடை இசையும் இல்லத்து ஒலிப்பதிவும் – ஒரு நோக்கு

அருப்புக்கோட்டையையும் விருதுநகரையும் இணைக்கும் சாலையில் அமைந்துள்ள பாலவனத்தம் என்னும் ஊர், தமிழ் பயில்வார்க்குப் பெயரளவில் புதியதன்று. 1901-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 14-ஆம் நாள் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பொ. பாண்டித்துரைத் தேவர் (1867–1911) பாலவனத்தம் ஜமீன்தார் என்றே தமிழுலகில் வழங்கப்பெற்றவர். சங்கத்தை நடத்தியதோடு 'செந்தமிழ்' இதழ் வெளிவரவும் வழி செய்தார், 1906-இல் வ.உ.சிதம்பரனார் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். இத்துணைப் பணிகளுக்கிடையிலும் அவர் இசையைக் கைவிட்டாரல்லர். இராமநாதபுரம் பூச்சி சீனிவாச ஐயங்கார் போன்ற இசைவாணரை ஆதரித்து, அவர்தம் பாட்டைக் கேட்டு மகிழ்ந்தார்.

ஜமீன்தார் பாடகரை வரவழைத்துக் கேட்டார். அவருடைய நிலத்தில் உழுத குடியானவர்க்கு அந்த வாய்ப்பு ஏது? அவர் தாமே பாடினார். கமலை ஓட்டும்போதும், களையெடுக்கும்போதும், தொட்டிலை ஆட்டும்போதும் பாட்டு அவரவர் வாயிலிருந்தே எழுந்தது. கேட்டு மகிழ்தல் ஒன்று. செய்து மகிழ்தல் மற்றொன்று. முன்னது செல்வர்க்கும் பின்னது எளியார்க்கும் உரியனவாக இருந்த காலம் அது.

இன்று இந்நிலை விந்தையான முறையில் மாறிவிட்டது. கையடக்கமான கைப்பேசி ஒன்று இருந்தால் எந்தப் பாடகரையும் எந்த நேரத்திலும் வரவழைத்துப் பாடச் சொல்லலாம். வேண்டாமென்றால் பாதிப் பாட்டில் நிறுத்தியும் விடலாம். அந்த உரிமை ஜமீன்தார்க்குக்கூட இருந்திராது. கேட்பதைப் பொறுத்தவரையில் நாம் அனைவரும் ஜமீன்தார்கள் ஆகிவிட்டோம். ஆனால் குடியானவரிடம் இருந்த செல்வத்தை, தானே பாடி இளைப்பாறும் செல்வத்தை, இழந்துகொண்டிருக்கிறோம். பாட்டைக் கேட்பிக்கும் அதே கைப்பேசிக்குள் பாட்டைப் பதிவுசெய்யும் கருவியும் உள்ளது. அதனைப் பயன்படுத்துவோர் சிலரே. வேலை மிகுந்த நாட்களில், பெரிய முனைப்பு ஏதுமின்றி, வீட்டிலிருந்தபடியே பாடியும் இசைத்தும் பதிவுசெய்து மகிழும் பழக்கம் அவ்விழப்பை ஓரளவு ஈடுசெய்யும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. அப்பழக்கத்திற்கு நம் மரபில் உள்ள வேரையும், அது கைகூடும் வழியையும், அதில் நேரக்கூடிய பிழைகளையும் இனிக் காண்போம்.

தொழிலும் யாழும்

இசை ஓய்வுக்கு உரியது, தொழில் உழைப்புக்கு உரியது என இரண்டையும் எதிரெதிரே நிறுத்திப் பார்ப்பது இக்கால வழக்கம். தொல்காப்பியர் அவ்வாறு கருதவில்லை. ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய கருப்பொருள்களை எண்ணுமிடத்து, தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்பவற்றை ஒரே வரிசையில் வைக்கிறார். உண்ணும் உணவும் செய்யும் தொழிலும் எவ்வாறு ஒரு நிலத்து மக்களின் அன்றாடமோ, அவ்வாறே யாழும் அவர்தம் அன்றாடம் என்பது அதனால் பெறப்படும். யாழைத் திருவிழாப் பொருளாக அவர் தனியே எடுத்து வைத்தாரில்லை.

பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆயன் இதற்கு நல்ல சான்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் அவ்வாயன் ஆநிரையை மேய விட்டிருக்கிறான்; வேலை நடந்துகொண்டிருக்கிறது. அவன் தீக்கடைகோலால் நெருப்பை உண்டாக்கி, அந்நெருப்பைக் கொண்டு மூங்கிலில் துளையிட்டுக் குழல் செய்துகொள்கிறான். அதிலே பாலைப்பண்ணை இசைக்கிறான். அது அலுத்தபோது குமிழமரத்துக் கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி, வில்யாழ் ஒன்றைச் செய்து குறிஞ்சிப்பண்ணை எழுப்புகிறான். அவ்வொலியைத் தம் இனத்தின் ஒலி என்று கருதி வண்டுகள் செவிசாய்க்கின்றன. கருவிக்கு அவன் எங்கும் செல்லவில்லை. பொருள் எதுவும் செலவிடவில்லை. கையெட்டும் தொலைவில் கிடந்தவையே கருவிகளாயின. 'அது அலுத்தபோது' என்ற இடமும் உன்னத்தக்கது. ஒன்று அலுத்தால் மற்றொன்றுக்கு மாறிக்கொள்ளும் உரிமை அவனுக்கு உண்டு. ஏன் மாறினாய் என்று கேட்பார் எவருமிலர். பொழுதுபோக்கு இசையின் இலக்கணத்தை இதைவிடத் தெளிவாகச் சொன்ன பகுதி வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

அகநானூற்றின் 102-ஆம் பாட்டிலும் ஒரு காட்சி உண்டு. தினைப்புனங் காக்கும் கொடிச்சி தன் கூந்தலை உலர்த்தியபடி குறிஞ்சிப்பண் பாடுகிறாள். தினையைத் தின்ன வந்த யானை கதிரை உண்ணவும் மறந்து நின்றபடியே உறங்கிவிடுகிறது. அவள் அவையேறிப் பாடியவளல்லள். யானையை உறங்கச் செய்தல் அவள் கருதியதும் அன்று. ஆயினும் காவற்பணியும் அப்பாட்டாலேயே நிறைவேறிற்று.

வறண்ட நிலத்துப் பாட்டு

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதிகள் ஆற்றுப்பாசன வளம் உடையவை அல்ல. குண்டாறு போன்ற ஆறுகளில் மழைக்காலத்தன்றி நீரோட்டம் இல்லை. கண்மாயும் கிணறும் வானமுமே நம்பிக்கை. கரிசலில் பருத்தியும் கம்பும் சோளமும் மிளகாயும் மானாவாரியாக விளையும். நீர் அரிதாகிய நிலத்தில் வேலை நீளும். வேலை நீண்ட இடத்தில் பாட்டும் நீண்டது. கமலைக் கிணற்றில் மாடுகள் சரிவில் இறங்கும்போது கூனை மேலேறும். அவை பின்னோக்கி ஏறும்போது கூனை கீழிறங்கும். அந்த ஏற்றத்திற்கும் இறக்கத்திற்கும் இசைவாகவே பாட்டின் அடிகள் நீண்டும் குறுகியும் அமைந்தன. ஏற்றப்பாட்டில் எண்ணிக்கையே பாட்டாயிற்று. எத்தனை சால் இறைத்தோம் என்ற கணக்கும் தவறாது, களைப்பும் தோன்றாது.

அருப்புக்கோட்டையின் மற்றொரு தொழில் நெசவு. கைத்தறியின் மிதிகட்டை ஓசையும் நாடா ஓடும் ஓசையும் மாறி மாறி வருவதால் தறியே தாளக் கருவியாக அமைந்துவிடுகிறது. அத்தாளத்தின்மேல் முணுமுணுத்துப் பாடுவது நெசவாளர்க்கு இயல்பு.

பிறகு கிணறுகளில் மின்னியக்கிகள் வந்தன, கமலை போயிற்று. கைத்தறியின் இடத்தில் பெரும்பாலும் விசைத்தறி வந்தது. விசைத்தறிக் கூடத்தில் பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதற்கே கத்த வேண்டியிருக்கிறது, பாடுவது எங்கே? உழைப்பின் கடுமை குறைந்ததற்கு நாம் வருந்த வேண்டியதில்லை. கமலை இறைத்தவர் எவரும் அந்நாள் திரும்ப வேண்டும் என்று வேண்டமாட்டார். ஆனால் வேலையோடு பாட்டும் சேர்ந்து போய்விட்டது என்பது உண்மை. மு. அருணாசலம் 'காற்றிலே மிதந்த கவிதை' என்னும் தொகுப்பாலும், பெ. தூரன் 'காற்றில் வந்த கவிதை' என்னும் தொகுப்பாலும் நாட்டுப்புறப் பாடல்கள் பலவற்றை எழுத்தில் காத்தனர். இரண்டு நூற்பெயர்களிலும் காற்று இருப்பது தற்செயலாகவே இருக்கலாம். எனினும் எழுத்தில் சொல் நிற்கும், மெட்டு நிற்பதில்லை. அச்சிட்ட ஏற்றப்பாட்டைப் படிக்கும் இன்றைய மாணவர் அதனைப் பாடிக் காட்ட இயலாமல் திகைப்பதை வகுப்பறைகளில் காணலாம்.

ஒலிப்பதிவு வீட்டிற்குள் வந்த வரலாறு

பாண்டித்துரைத் தேவர் பத்து வயதுச் சிறுவராக இருந்த 1877-இல் எடிசன் ஒலிவரைவியைக் கண்டார். 1902-இல் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாடல்கள் இசைத்தட்டுக்காகப் பதிவுசெய்யப்பெற்றன. ஆயினும் அக்காலத்துப் பதிவுக்கருவி நிறுவனங்களின் கையிலேயே இருந்தது. புகழ்பெற்றோர் மட்டுமே அதன்முன் நின்றனர். குடியானவர் பாட்டு அதற்கு எட்டவில்லை.

அந்த வேலியை முதலில் உடைத்தது ஒலிநாடாப் பேழை என நாம் வழங்கும் கேசட்டே. 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் அதனை வெளியிட்டது. அதனை உருவாக்கிய குழுவின் தலைவர் லூ ஓட்டன்ஸ் (1926–2021) சட்டைப்பையில் அடங்கும் அளவே தமக்கு வேண்டும் என்று கருதி, அந்த அளவுக்கு ஒரு மரக்கட்டையைச் செதுக்கிப் பையில் வைத்துப் பார்த்தார் என்பர். 4 மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள நாடா நொடிக்கு ஏறத்தாழ 4.8 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடியது. ஒலித்தரம் சுமாரானதே. ஆனால் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் யார் பேசினாலும் பதிவாகும். நிறுவனத்தின் அனுமதி வேண்டியதில்லை.

தமிழகத்துச் சிற்றூர்களில் 1980-களிலும் 1990-களிலும் 'ரிக்கார்டிங் சென்டர்' என்ற பெயர்ப்பலகை இல்லாத கடைத்தெரு இல்லை எனலாம். பாட்டுப் பட்டியலை எழுதி, வெற்று நாடாவோடு கொடுத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து வாங்கி வருவது வழக்கம். திரைப்பாடலும், நாகூர் இ.எம். ஹனீபாவின் (1925–2015) பாடலும், வில்லுப்பாட்டும் ஒரே கடையில் கிடைத்தன. இவை கேட்பதற்குரியவை. வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்றோரின் இல்லங்களில் அந்நாடா வேறொரு பணியையும் செய்தது. கடிதம் எழுதுவதற்கு மாறாக, வீட்டார் அனைவரும் சுற்றி அமர்ந்து பேசிப் பதிவுசெய்து அனுப்பினர். நலம் விசாரித்தபின் குழந்தையைப் பாடச் சொல்லுவர். அது வெட்கப்பட்டுப் பாதியில் நிறுத்தும். பின்னே அடுக்களையில் பாத்திரம் உருளும் ஓசையும் கேட்கும். அயலகத்தில் தனித்திருந்த தந்தைக்கு அப்பாத்திர ஓசைகூட இசையாக இருந்திருக்கும். தமிழகத்தில் இல்லத்து ஒலிப்பதிவு என்று சொல்லத்தக்கது முதன்முதலில் பரவலாக நிகழ்ந்தது இவ்வாறுதான் எனக் கருதுகிறேன். இசைப்பதிவு என்று எவரும் அதற்குப் பெயரிடவில்லை என்பதே வேறுபாடு.

மேலைநாட்டில் இல்லத்திலேயே முழு இசைப்பதிவைச் செய்து முடித்தோருள் லெஸ் பால் (1915–2009) குறிப்பிடத்தக்கவர். தம் வீட்டு வண்டிக்கொட்டகையில் ஓர் இசைத்தட்டில் கித்தாரைப் பதிவுசெய்து, அதனை ஓடவிட்டு, அதனோடு சேர்ந்து மீண்டும் வாசித்து வேறொரு தட்டில் பதிவுசெய்தார். இவ்வாறு அடுக்கடுக்காகப் பதிந்த 'லவ்வர்' என்னும் அவரது இசை 1948-இல் வெளிவந்தது. ஒருவரே ஒரு குழுவாக ஒலிப்பது அப்போது வியப்பாக இருந்தது. 1979-இல் டாஸ்காம் நிறுவனம் சாதாரணக் கேசட்டிலேயே நான்கு தடங்களில் தனித்தனியே பதியும் கருவியை விற்கத் தொடங்கியது. அக்கருவியைக் கொண்டு புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982-இன் தொடக்கத்தில் நியூ ஜெர்சியில் தாம் வாடகைக்குக் குடியிருந்த வீட்டில் சில பாடல்களைப் பாடிப் பதிந்தார். பின்னர் இசைக்குழுவோடு சேர்ந்து செம்மையாகப் பாடுவதற்கான முன்மாதிரியே அது. குழுவோடு பாடிப் பார்த்தபோது அவற்றின் உயிர் போய்விட்டதாகத் தோன்றவே, வீட்டில் பதிந்த நாடாவையே 'நெப்ராஸ்கா' என்ற பெயரில் அவ்வாண்டிலேயே இசைத்தட்டாக வெளியிட்டனர். பெரிய கூடத்தில் கிட்டாத ஒன்று வீட்டு அறையில் கிட்டியது என்பதற்கு இதனைச் சான்றாகக் கொள்ளலாம். நம் சென்னையிலும் ஏ.ஆர். ரகுமானின் பஞ்சதன் ஒலிப்பதிவுக்கூடம் அவர் வீட்டை ஒட்டியே எழுந்தது. 1992-இல் வந்த 'ரோஜா' பாடல்கள் அங்கு உருவானவை. அது தொழில்முறை சார்ந்தது. நம் பொருளுக்கு நேரடியாக உரியதன்று.

பாவும் ஊடையும்

இனி, ஒரு மாணவரோ ஆசிரியரோ உழவரோ இதனை எவ்வாறு தொடங்குவது என்பதைப் பார்ப்போம். அருப்புக்கோட்டைக்காரர்க்கு இதனை விளக்குவது எளிது. 'நாடா' என்ற சொல்லே தறியிலும் ஒலிப்பதிவிலும் வழங்குகிறது. முறையும் நெசவை ஒத்ததே. முதலில் பாவு ஓட வேண்டும், பிறகே ஊடை. பாடலில் சுருதியும் தாளமுமே பாவு. தம்புரா ஒலியைத் தரும் இலவசச் செயலிகள் கைப்பேசியில் கிடைக்கின்றன. 'எத்தனை கட்டை' என்று கவலைப்பட வேண்டியதில்லை. முதலில் மனம்போல் ஓரடி பாடிப் பார்த்து, அக்குரலுக்குச் சுருதியைப் பொருத்திக்கொள்வதே நல்லது. சுருதிக்குக் குரலை இழுத்துச் செல்வது கச்சேரிக்குரிய பயிற்சி, இளைப்பாறுவதற்குரியது அன்று. தாளத்திற்குக் குடத்தின் வயிறும் மேசையும் தொடையும் போதும். தெம்மாங்கு பாடுவோர் கைத்தட்டலையே தாளமாகக் கொள்ளலாம்.

சுருதியையும் தாளத்தையும் ஒரு தடத்தில் பதிந்தபின், அதனைக் காதில் கேட்டுக்கொண்டே குரலை மற்றொரு தடத்தில் பதிய வேண்டும். இதற்கு இலவச மென்பொருள்கள் உண்டு. 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஆடாசிட்டி' கணினியில் இன்றும் பயன்பட்டு வருகிறது. கைப்பேசியிலும் பல தடச் செயலிகள் உள்ளன. இவ்விடத்தில் புதியவர்கள் அடிக்கடி இடர்ப்படுவது ஒன்று உண்டு. கம்பியில்லாக் காதொலிப்பான் ஒலியைப் பத்தில் ஒரு நொடி அளவிற்கோ அதனினும் மிகுதியாகவோ காலந்தாழ்த்தித் தருகிறது. அதைக் கேட்டுப் பாடினால் பாட்டு தாளத்தைவிட்டு நழுவும். பாடுபவர் தமக்குத் தாளஞானம் இல்லையென்று நொந்துகொள்வார், குற்றம் கருவியினுடையது. கம்பியுள்ள பழைய காதொலிப்பானே இப்பணிக்கு ஏற்றது, விலையும் குறைவு.

கைப்பேசியை வாய்க்கு நேரே பிடித்தால் பகரத்தில் தொடங்கும் சொற்களில் மூச்சுக்காற்று ஒலிவாங்கியில் மோதிப் 'புஸ்' என்னும் ஓசை விழும். ஒரு சாண் தொலைவில், சற்றுப் பக்கவாட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். மிக உரத்துப் பாடினால் ஒலியலையின் முகடு வெட்டுண்டு கரகரப்புத் தோன்றும். நாடாக் காலத்தில் சற்று மிகையான ஒலியை நாடா பொறுத்துக்கொண்டது. எண்முறைப் பதிவு பொறுப்பதில்லை. வெட்டுண்ட முகட்டை மீட்கவும் இயலாது. ஆகவே அளவுகோல் சிவப்பைத் தொடாதவாறு பார்த்துக்கொள்வதே போதும். மெலிந்து பதிந்ததைப் பின்னர் உயர்த்திக்கொள்ளலாம். குறுந்தகட்டுத் தரத்தில் ஒலி நொடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டுப் பதிகிறது. இருதடமாக ஒரு நிமிடத்திற்கு ஏறத்தாழ 10 மெகாபைட் ஆகும். ஐந்து நிமிடப் பாடலுக்கு ஐம்பது. இன்றைய கைப்பேசிக்கு இது ஒரு பாரமன்று.

அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிமெண்டுச் சுவரும் சிமெண்டுத் தரையும் உள்ள இக்கால வீடுகளில் எதிரொலி மிகுதி. பழைய மண்சுவர் வீடு பாடுவதற்கு நன்றாக இருந்தது. இப்போது அது அருகிவிட்டது. அமெரிக்க அறிஞர் வாலஸ் சாபைன் 1895-இல் தொடங்கி ஹார்வர்டு பல்கலைக்கழகத்து விரிவுரைக் கூடம் ஒன்றின் எதிரொலியை ஆராய்ந்தார். பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவோடிரவாகச் சுமந்து வந்து பரப்பி, மெத்தை மிகுந்தால் எதிரொலி எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். விடியுமுன் அவற்றைத் திரும்பக் கொண்டுபோய்ப் போட வேண்டியிருந்தது. கட்டட ஒலியியல் என்னும் துறையே அம்மெத்தைகளிலிருந்து பிறந்தது. பருத்தி விளையும் நாட்டில் நமக்கு அத்தொல்லை இல்லை. பருத்தி மூட்டை அடுக்கிய அறையைவிடச் சிறந்த ஒலிப்பதிவுக்கூடம் கிடைப்பது அரிது. மூட்டை இல்லாதோர் கொடியில் துணிகள் தொங்கும் அறையில், பாய் தலையணைகளைச் சுற்றி வைத்துக்கொண்டு பாடலாம்.

மின்விசிறியை நிறுத்தினால் ஒலி தூய்மைபெறும்; சித்திரை வெயிலில் அது இயலாது. விடியற்காலையும், மின்தடை நேரமும் பதிவிற்கு உகந்தவை. மின்தடையால் விளையும் நன்மை என்று இதனையாவது சொல்லலாம்! விடியற்காலையில் மயில் அகவும், ஆடுகள் வெளியேறும். அவையும் பதிவில் விழட்டும். அவற்றை நீக்க ஒருவர் ஒருமணி நேரம் செலவிடுவாரானால், அவர் இளைப்பாறுவதை விட்டுவிட்டு மற்றொரு வேலையைத் தொடங்கிவிட்டார் என்றே கொள்ள வேண்டும்.

இளைப்பாறல் வேலையாகாமை

இப்பழக்கத்தின் உண்மையான இடர்ப்பாடு இங்கேதான் உள்ளது. கருவி எளிதாகியது, மனம் எளிதாகவில்லை. முதற்பாடல் முடிந்ததும் சிறந்த ஒலிவாங்கி வாங்க வேண்டும் என்ற எண்ணம் எழும். அடுத்து, பதிந்ததை ஊருக்கு அனுப்பி எத்தனை பேர் பாராட்டினர் என்று எண்ணத் தோன்றும். ஏற்றப்பாட்டில் எண்ணிக்கை களைப்பைப் போக்கியது. இவ்வெண்ணிக்கையோ களைப்பை உண்டாக்குகிறது. தேர்வுக்குப் படிக்கும் மாணவர் அரைமணி நேரம் பாடிவிட்டு, பிறகு மூன்று மணி நேரம் பாராட்டு வந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தால் அவர் இளைப்பாறியது யாது?

பொறுப்பு மிகுந்த பணிகளுக்கிடையே இசையோடு வாழ்ந்த தமிழர் நமக்கு வழிகாட்டிகளாக உள்ளனர். மாயூரத்தில் முன்சீபாகப் பணியாற்றிய ச. வேதநாயகம் பிள்ளை (1826–1889) வழக்குக் கட்டுகளுக்கிடையிலேயே 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'களை இயற்றினார். பெ. தூரன் (1908–1987), 1954-இல் முதல் தொகுதி வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் தலைமைப் பதிப்பாசிரியர். ஆயிரக்கணக்கான கட்டுரைகளைத் திருத்தும் சுமை எத்தகையது என்பதைப் பதிப்புப் பணி செய்தோர் அறிவர். அச்சுமையோடுதான் அவர் கீர்த்தனைகளையும் இயற்றினார். மதுரையில் பெருங்குடும்பத்துத் தலைவியாக விளங்கிய அம்புஜம் கிருஷ்ணா (1917–1989) நூற்றுக்கணக்கான பாடல்களை எழுதினார். மெட்டமைக்கும் பணியை இசைவாணர் பிறரிடம் விட்டுவிட்டார். எல்லாவற்றையும் தாமே செய்ய வேண்டும் என்ற பிடிவாதம் அவரிடம் இல்லை. வேலை முடிந்தபின் பாடுவோம் என்று இவர்கள் காத்திருக்கவில்லை. காத்திருந்தால் அக்காலம் வந்திராது.

வெளிநாட்டில் 2004 முதல் ஓர் ஏற்பாடு நடந்துவருகிறது. பிப்ரவரித் திங்களின் 28 நாட்களில் 14 பாடல்களை இயற்றிப் பதிவது என்று பலர் தமக்குத்தாமே வரையறுத்துக்கொள்கின்றனர். பரிசு கிடையாது; தேர்ந்தெடுப்போரும் இல்லை. இரண்டு நாளைக்கு ஒரு பாடல் என்னும்போது செம்மை பார்க்க நேரமிராது. அதுவே அதன் நன்மை. ஆனால் பிப்ரவரி நம் பகுதியில் தை முடிந்து மாசி தொடங்கும் காலம். மிளகாய்ப்பழம் பறிப்பும் பருத்தி எடுப்பும் இருக்கும்; மாணவர்க்குத் தேர்வும் நெருங்கும். பதினான்கு பாடல் நமக்கு மிகை. வாரத்தில் ஒரு நாள் அரைமணி நேரம், ஒரு பாடல், ஒரே அமர்வில் முடித்தல், பிழையிருந்தாலும் மறுநாள் அதனைத் திருத்தாமை என்ற அளவே போதுமென்பது என் துணிபு. முடியாமல் நின்றதை முடியாததாகவே விட்டுவிடும் உரிமையும் வேண்டும். ஆயன் குழலை வைத்துவிட்டு யாழை எடுத்ததை மீண்டும் நினைவுகூர்க.

பாடத் தெரியாதே என்பார்க்கு ஒரு சொல். தாலாட்டுப் பாடும் தாய் பாடத் தெரியுமா என்று எண்ணிப் பார்த்துத் தொடங்குவதில்லை. பாடக் கூசுவோர் தறியோசையையோ மழை ஓட்டின்மேல் விழும் ஓசையையோ பதிந்து, அதன்மேல் ஒரு குழலோசையைச் சேர்க்கலாம். அதுவும் இசையே.

வீட்டார் குரல்

சில வாரங்கள் இவ்வாறு பதிந்து வருபவர் வீட்டில் வேறொன்றும் நிகழக்கூடும். பேரன் பாடுவதைக் கேட்ட பாட்டி, 'அப்படியில்லையப்பா, அதை இப்படிப் பாடணும்' என்று திருத்துவார். அவர் வாயில் வரும் மெட்டு எந்த நூலிலும் இராது. கமலை நின்று நெடுங்காலம் ஆயிற்று. இறவையோடும் நடவோடும் பாட்டைப் பாடிப் பழகியவர்கள் இன்று முதியோர். அவர்தம் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைகிறது. ஆய்வாளர் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து 'பாடுங்கள்' என்று கேட்டால் தயங்கும் நாவு, பேரனின் பிழையைத் திருத்தும்போது தயங்குவதில்லை. பாண்டித்துரைத் தேவர் காலத்துப் பாலவனத்தத்தில் ஏடுகளைத் தேடித் தொகுத்தல் அவசரப் பணியாக இருந்தது. இன்று தேடித் தொகுக்க வேண்டியது இக்குரல்களையே. இளைப்பாறுவதற்கென்று தொடங்கிய பழக்கம் அப்பணியையும் செய்துவிடுகிறது. இளைப்பாறலாகவே இருக்கும்வரைதான் அதனால் அது இயலும் என்பதையும் மறத்தல் ஆகாது.

இதில் சில வரம்புகள் உண்டு. பாட்டியின் குரலைப் பதியுமுன் அவரிடம் கேட்க வேண்டும். வீட்டில் வைத்துக்கொள்ள அவர் இசைவது ஒன்று. ஊருக்கு அனுப்ப இசைவது மற்றொன்று. இரண்டையும் தனித்தனியே கேட்க வேண்டும். ஒப்பாரியை வீட்டிற்குள் காரணமின்றிப் பாட நம் பெண்டிர் உடன்படார். அது வீட்டிற்கு ஆகாது என்பது அவர்தம் நம்பிக்கை. நாட்டுப்புறவியலார் பலர் ஊர்ப்புறத்தே மரநிழலுக்குச் சென்றே ஒப்பாரியைப் பதிந்துள்ளனர். வீட்டில் வற்புறுத்திப் பாடச் சொல்வது முறையன்று.

பதிந்ததைப் பேணுவதும் கருதத்தக்கது. பழைய கேசட்டுகள் வெப்பத்தாலும் ஈரத்தாலும் நாளடைவில் பழுதுறுகின்றன. வீட்டில் வளைகுடாக் கடித நாடாக்கள் எஞ்சியிருந்தால், ஓடும் நிலையில் உள்ள ஒரு கருவியைத் தேடி, முதற்கண் அவற்றைக் கணினிக்கு மாற்றிக்கொள்வது நல்லது. கைப்பேசிப் பதிவும் நிலையானதன்று. பேசி நீரில் விழுந்தால் அத்துணையும் போகும். ஒரு படி கைப்பேசியிலும் மற்றொரு படி வேறோரிடத்திலும் இருக்க வேண்டும். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் நாள், ஊர், பாடுபவர் பெயர், எந்த வேலையின்போது பாடப்படும் பாட்டு என்னும் நான்கையும் வாயாலேயே சொல்லிவிட வேண்டும். கோப்பின் பெயர் மாறிப்போகலாம், குறிப்பேடு தொலைந்துபோகலாம். குரலோடு சேர்ந்து பதிந்த குறிப்பு அக்குரல் இருக்கும்வரை பிரியாது.